வண்டியை எடுக்குமுன் நேரத்தை எண்ணுங்கள்



கோடை விடுமுறை நெருங்கும்போது மான்குர்த், கோவண்டி, செம்பூர், தாராவி பகுதிகளில் வாழும் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான் கேட்கும்: இந்த ஆண்டு ஊருக்கு எப்படிப் போவது? ரயிலில் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருக்கிறது. ஆம்னிப் பேருந்தின் கட்டணம் ஒரு குடும்பத்திற்குத் தாங்காது. ஆகவே சொந்தமாகக் காரோ, டூரிஸ்ட் வண்டியோ வைத்திருப்பவர்கள், "விடியற்காலையில் புறப்பட்டால் இரவுக்குள் பெங்களூரு போய்விடலாம், மறுநாள் திருநெல்வேலி" என்று சொல்லிப் பெட்டிகளைக் கட்டத் தொடங்குகிறார்கள். மும்பையிலிருந்து திருநெல்வேலி ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். அதில் முதல் நாளிலேயே கடக்க எண்ணும் பெங்களூரு வரையிலான பாதை ஏறத்தாழ 980 கிலோமீட்டர். இந்த ஒரு நாள் பயணத்தைக் குறித்தே இம்மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

இந்த நெடுஞ்சாலை நமக்குப் பழக்கமானது. முன்பு தேசிய நெடுஞ்சாலை 4 என்று அழைக்கப்பட்டு, இப்போது 48 என்ற எண்ணைப் பெற்றிருக்கிறது. தங்க நாற்கரத் திட்டத்தில் இது நான்கு வழிச்சாலையாக விரிவாக்கப்பட்டது. சாலை நன்றாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் சாலை நன்றாக இருப்பதால் மனிதனுடைய சரீரம் இரும்பாகிவிடுவதில்லை.

கணக்கு சொல்லும் உண்மை

ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள். மான்குர்த்திலிருந்து கோலாப்பூர் ஏறத்தாழ 380 கிலோமீட்டர். பெல்காம் 490. ஹூப்ளி 575. தாவணகெரே 720. சித்திரதுர்கா 780. துமகூரு 910. அதன்பின் பெங்களூரு.

வேகமானி 100 என்று காட்டினாலும், மலைப்பாதை, சுங்கச்சாவடி, சாலைப் பணி, நகர நெரிசல் எல்லாவற்றையும் சேர்த்தால் சராசரி வேகம் மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் போவது கடினம். 980 கிலோமீட்டரை 65 ஆல் வகுத்தால் 15 மணி நேரம். அதனுடன் உணவுக்கும் ஓய்வுக்கும் இரண்டரை மணி நேரத்தைச் சேருங்கள். காலை 4.30 மணிக்கு மான்குர்த்தை விட்டவர் இரவு 10 மணிக்குப் பெங்களூருவில் இருப்பார். அவர் எழுந்தது எப்போது? பிள்ளைகளை எழுப்பி, சாமான்களை ஏற்றி, ஜெபித்துப் புறப்பட வேண்டுமானால் 3.30 மணிக்காவது எழுந்திருக்க வேண்டும். அப்படியானால் பயணத்தின் முடிவில் அவர் பதினெட்டரை மணி நேரமாக விழித்திருக்கிறார்.

வேறொரு ஒப்பீட்டையும் கவனியுங்கள். லாரி, பேருந்து ஓட்டுநர்களுக்காக 1961 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை என்று பொதுவாக வரையறுத்தது. 5 மணி நேரத்திற்குள் அரை மணி நேரமாவது ஓய்வு என்றும் வகுத்தது. ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவருக்கு இந்த அளவு. வாரம் முழுவதும் அலுவலகத்திலோ பட்டறையிலோ உழைத்துவிட்டு, ஆண்டுக்கு ஒருமுறை நெடுஞ்சாலைக்கு வரும் நாம் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஓட்டத் துணிகிறோம்.

மதுவில்லாத மயக்கம்

நாம் மதுவைத் தொடாதவர்கள். அதைச் சாட்சியாகவும் சொல்லுகிறோம். ஆனால் இதைக் கேளுங்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவருடைய செயல்திறன், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவருடைய நிலைக்கு இறங்கிவிடுகிறது என்று 1997 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். நம் நாட்டுச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம் மாத்திரமே. அதாவது, ஒரு துளியும் குடிக்காத விசுவாசி துமகூருவைத் தாண்டும் வேளையில், சட்டம் தடைசெய்யும் அளவுக்கு மேல் குடித்தவரைப்போல ஓட்டிக்கொண்டிருக்கக்கூடும். போலீஸாரின் கருவி அதைக் காட்டாது. எதிரே நிற்கும் லாரி காட்டிவிடும்.

கண் திறந்திருக்கும்போதே சில விநாடிகள் மூளை உறங்கிவிடுவது உண்டு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 4 விநாடி உறங்கினால், வண்டி 111 மீட்டர் தூரம் ஓட்டுநர் இல்லாமலே ஓடுகிறது. இந்த உறக்கம் மனிதனை இரண்டு வேளைகளில் அதிகமாக நெருக்குகிறது: நள்ளிரவு 2 மணி முதல் காலை 6 மணி வரை, பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை. கண்ணாடியை இறக்கிவிடுவதும், ஏ.சி.யைக் கூட்டுவதும், பாடல்களை உரக்க வைப்பதும் சில நிமிடங்களே பலன் தரும். உறக்கத்திற்கு மருந்து உறக்கமே. பெட்ரோல் பங்கிலோ உணவகத்திலோ பாதுகாப்பாக நிறுத்தி, ஒரு காபி அருந்தி, 15 முதல் 20 நிமிடம் கண் அயருங்கள். காபி வேலை செய்யத் தொடங்குவதற்கும் நீங்கள் விழிப்பதற்கும் சரியாக இருக்கும். ஆனால் அதுவும் ஒரு மணி, இரண்டு மணி நேரத்திற்குத்தான் உதவும். ஓர் இரவின் உறக்கத்திற்கு ஈடாகாது.

அப்போஸ்தலர் நடபடிகளில் ஐத்திகு என்னும் வாலிபனை அறிவோம். அவன் இருந்தது தீய இடத்தில் அல்ல. பவுல் பிரசங்கித்த கூட்டத்தில். ஆனாலும் நள்ளிரவில் நித்திரை அவனை மேற்கொண்டது, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். ஆவிக்குரிய காரியத்தில் இருப்பதால் சரீரம் உறங்காமல் இருந்துவிடாது. ஆகவே வெள்ளிக்கிழமை முழு இரவு ஜெபத்தை முடித்து அப்படியே வண்டியில் ஏறுகிறவர்களையும், இரவு ஷிப்டு முடிந்து நேராக ஊருக்குப் புறப்படுகிறவர்களையும் அன்போடு தடுக்கிறேன். ஜெபித்தவர் உறங்கட்டும், உறங்கினவர் ஓட்டட்டும்.

பாதையில் கவனிக்க வேண்டிய இடங்கள்

காலை 4.30 மணிக்குப் புறப்படச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாஷி பாலம், கார்கர், கலம்போலி வழியாகக் கண்டெய்னர் லாரிகள் பெருகுமுன் விரைவுச்சாலையை அடைந்துவிடலாம். வாஷி சுங்கச்சாவடியில் கார்களுக்குக் கட்டணம் 2024 அக்டோபரில் நீக்கப்பட்டது. 2002 ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட மும்பை – புனே விரைவுச்சாலை 94.5 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதில் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதி இல்லை; மோட்டார் சைக்கிளில் செல்ல நினைக்கும் வாலிபர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். கண்டாலா மலைப்பகுதியில் வேக வரம்பு குறைவு. பலகையைப் பார்த்து ஓட்டுங்கள். 7.30 மணிக்குள் புனேயின் வாக்கட், வார்ஜே, காத்ரஜ் பகுதிகளைக் கடந்துவிட்டால் அலுவலக நெரிசலுக்குத் தப்பலாம். காலை உணவை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

சதாராவுக்கு முன் கம்பாட்கி காட் வருகிறது. திரும்பி வருகிறபோது காத்ரஜ் சுரங்கப்பாதையிலிருந்து நவலே பாலம் நோக்கி இறங்கும் சரிவைக் குறித்து மிகுந்த எச்சரிக்கை தேவை. 2022 நவம்பரில் அங்கே ஒரே லாரி பல வண்டிகளை மோதியது. 2025 நவம்பரிலும் அதே சரிவில் உயிர்கள் பலியாயின. சரிவில் எரிபொருளை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவதும் இன்ஜினை அணைப்பதும் கூடவே கூடாது. தாழ்ந்த கியரில் இறங்குங்கள்.

சதாரா, கோலாப்பூர், பெல்காம் மாவட்டங்கள் கரும்பு பூமி. ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை, பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர்கள் இருட்டில் முன்னே ஊர்ந்து செல்லும். கிறிஸ்துமஸுக்கு ஊர் செல்வோர் இதை மறக்கலாகாது. மழைக்காலத்தில் செல்வோர் கோலாப்பூரின் பஞ்சகங்கை ஆற்றை விசாரித்துப் புறப்பட வேண்டும். 2019 ஆகஸ்டிலும் 2021 ஜூலையிலும் வெள்ளத்தால் சிரோலி அருகே இந்த நெடுஞ்சாலையே மூடப்பட்டது.

ஹூப்ளி – தார்வாட் புறவழிச்சாலை நெடுங்காலம் நடுவே தடுப்பில்லாத இருவழிப் பாதையாகவே இருந்தது. 2021 ஜனவரியில் தாவணகெரேயிலிருந்து கோவாவுக்கு உல்லாசமாகப் புறப்பட்ட தோழியர் பலர் அங்கே ஒரே விபத்தில் மடிந்தார்கள். அதன்பின் விரிவாக்கப் பணி எடுத்துக்கொள்ளப்பட்டது. அந்தப் பகுதியில் முந்திச் செல்லும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

வண்டியும் அதில் இருப்போரும்

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வண்டியை மெக்கானிக்கிடம் காட்டுங்கள்; முந்தின நாள் காட்டினால் பழுதைச் சரிசெய்ய நேரம் இராது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் முதுமை அடைந்திருக்கும். காற்றழுத்த அளவு ஓட்டுநர் கதவின் அருகே ஒட்டப்பட்டிருக்கும். முழுச் சுமைக்கு வேறு அளவு உண்டு. டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றுப் பிடியுங்கள். ஸ்டெப்னியை மறவாதிருங்கள். சி.என்.ஜி. வண்டி வைத்திருப்போர் வழியெல்லாம் எரிவாயு கிடைக்கும் என்று நம்பாமல் பெட்ரோலையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஏழு பேர் வண்டியில் ஒன்பது பேரும், கூரைமேல் ஊராருக்கான சாமான்களும் ஏறினால், பிரேக் பிடிக்கும் தூரமும் கூடும். வண்டி சாயும் அபாயமும் கூடும். சாமான்களைப் பார்சலில் முன்னதாக அனுப்பிவிடுங்கள்.

2022 செப்டம்பர் 4 அன்று தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி மும்பை – அகமதாபாத் நெடுஞ்சாலையில் பால்கர் அருகே மரித்தார். விலையுயர்ந்த கார் அது. முன்னிருக்கையில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். சீட் பெல்ட் அணியாமல் பின்னிருக்கையில் இருந்த இருவரும் மரித்தார்கள் என்று போலீஸார் கூறினார்கள். பின்னிருக்கைக்கும் பெல்ட் உண்டு, அது சட்டமும்கூட. குழந்தையை மடியில் வைத்து முன்னிருக்கையில் அமரும் தாய்மாரே, ஏர்பேக் விரியும் வேகம் குழந்தையைக் கொன்றுவிடும். பிள்ளைகள் பின்னால், பெல்ட்டோடு இருக்கட்டும்.

பாஸ்டேக்கில் போதிய பணம் வையுங்கள். 2025 ஆகஸ்டு 15 முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு ஆண்டு பாஸ் வந்திருக்கிறது. அறிமுகமானபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை கடக்கலாம் என்றிருந்தது. மாநிலக் கழகத்தின் கீழுள்ள மும்பை – புனே விரைவுச்சாலைக்கு அது செல்லாது. நெடுஞ்சாலை உதவிக்கு 1033, அவசரத்திற்கு 112 ஆகிய எண்களை எல்லாருடைய கைபேசியிலும் பதிவு செய்யுங்கள்.

ஹூப்ளியில் ஒரு தீர்மானம்

அப்படியானால் ஒரே நாளில் பெங்களூரு போகவே கூடாதா? உரிமம் பெற்று, நெடுஞ்சாலையில் பழகிய இருவர் இருந்து, இருவரும் முந்தின இரவு நன்றாய் உறங்கி, இரண்டரை மணி நேரத்திற்கு ஒருமுறை மாறி மாறி ஓட்டினால் போகலாம். ஓய்வெடுப்பவர் பேச்சுத் துணையாக அல்ல, உறங்கியே ஓய்வெடுக்க வேண்டும். ஓட்டுபவர் ஒருவரே என்றால் வேண்டாம்.

4.30 மணிக்குப் புறப்பட்டவர் பிற்பகல் 3 மணியளவில் ஹூப்ளியை அடைவார். உறக்கம் நெருக்கும் வேளை அது. இன்னும் 400 கிலோமீட்டர் இருக்கிறது. அதில் பாதி இருட்டில். முடிவில் நெலமங்கலாவிலிருந்து நகருக்குள் நுழையும் நெரிசல். அங்கே நிறுத்தி உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள். கொட்டாவி தொடர்ந்ததா? கடந்து வந்த ஊர் நினைவில் இல்லையா? வண்டி கோட்டைத் தாண்டிச் சென்றதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் ஹூப்ளியிலேயே ஒரு விடுதி அறையை எடுங்கள். அந்த வாடகை வீண் செலவு அல்ல. மறுநாள் காலையில் புறப்பட்டால் மதியத்திற்குள் பெங்களூரு. ஊரில் காத்திருக்கும் தாயாருக்கு, "ஒரு நாள் தாமதமாக வருகிறோம், அம்மா" என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள். "இன்றைக்கே வருகிறேன்" என்று கொடுத்த வாக்கே பலரை இருட்டில் துரத்துகிறது.

"ஜெபித்துவிட்டோம், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சிலர் சொல்லுகிறார்கள். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி சோதிக்கப்பட்டபோது நம் ஆண்டவர் குதிக்கவில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மரித்தார்கள் என்று அரசின் அறிக்கை கூறுகிறது. அவர்களுடைய வீடுகளிலும் ஜெபித்து அனுப்பியவர்கள் இருந்திருப்பார்கள்.

சபை மூப்பர்களுக்கும் போதகர்களுக்கும் ஒரு வார்த்தை. பயணத்திற்காக ஜெபிக்கக் கேட்டு வருகிற குடும்பத்திடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஓட்டுபவர் நேற்றிரவு எத்தனை மணி நேரம் உறங்கினார்? இரண்டாவது ஓட்டுநர் யார்? எத்தனை மணிக்கு வண்டியை நிறுத்துவீர்கள்? பதில் கிடைத்தபின் அவர்கள் தலைமேல் கைவைத்து ஜெபியுங்கள். பதில் கிடைக்காவிட்டால், ஒரு நாள் பொறுத்துப் புறப்படச் சொல்லுங்கள்.