ஆவாரை பூத்த சாலை

கிருஷ்ணகிரியைத் தாண்டி ஓசூர் மேட்டுக்கு பஸ் ஏறுகிறது. ஜன்னலுக்கு வெளியே லாரிகளும் தொழிற்சாலை மதில்களும்தானே என்று நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். மதிலுக்கும் சாலைக்கும் நடுவே, சரளைச் செம்மண்ணில், யாரும் நடாமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே ஒரு செடி, அதுதான் இந்த வார விருந்தாளி.

ஆவாரையைத் தெரியாத தமிழர் உண்டா? ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் எத்தனை பேர்? ஓர் இலையில் 8 முதல் 12 ஜோடிச் சிற்றிலைகள். ஜோடிக்கு ஜோடி நடுவே குச்சிபோல் ஒரு சுரப்பி. இலையடியில் காதுமடல் போன்ற செதில்கள். 1753இல் லின்னேயஸ் சூட்டிய ‘ஆரிகுலேட்டா’ என்ற பெயருக்குக் காதுடையது என்றே பொருள்.

பூவில் மகரந்தத் தாள்கள் பத்து. அவற்றில் மேலுள்ள மூன்றும் மலடு. தேனும் கிடையாது! பின்னே வண்டு எதற்கு வருகிறது என்கிறீர்களா? மகரந்தத்துக்குத்தான். அந்தப் பையின் நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு ரீங்காரமிட்டு அதிர்ந்தால்தான், உப்புக் குப்பியைக் குலுக்கினாற்போல் பொடி கொட்டும்.

முன்பெல்லாம் தோல் பதனிட இதன் பட்டையைத்தான் உரித்தார்கள். அயல்நாட்டு வாட்டில் பட்டையும் குரோம் உப்பும் வந்த பிறகே ஆவாரைக்கு மூச்சு வந்தது. தெலுங்கர் இதைத் தங்கேடு என்பார்கள். தெலங்கானாவுக்கு இதுவே மாநில மலர். நம் பக்கத்திலோ வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்ந்து பொங்கல் காப்புக் கட்டில் இடம்பெறுகிறது.

வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும் செடி இது. ஆனால் வேரோடு பெயர்த்து, மேலே சிமெண்டு பூசினால்? 1970களில் ஓசூரில் சிப்காட் வந்தது. ஆயிரமாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது. வேண்டாமென்று யார் சொல்வார்கள்? ஆனால் கரம்பு நிலம் மனையாகும்போது முதலில் போவது ஆவாரைதான். அதை நம்பிய வண்டும் கூடவே போகிறது.

ஒரு வார்த்தை: சாலையோரப் பூவில் லாரிப் புகையும் படிந்திருக்கும். அதைக் கஷாயம் வைத்து, டாக்டர் கொடுத்த சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதற்குப் பதில், காய்ந்த நெற்று நாலைப் பறித்து வந்து வேலியோரம் விதையுங்கள். அடுத்தடுத்த போகிகளில் உங்கள் வீட்டுக் காப்புக்கு உங்கள் வேலிப் பூவே கிடைக்கட்டும்!