தாலியோடு வருமா பாஸ்போர்ட்?

“புருஷன்காரன் அமெரிக்க சிட்டிசன். அப்புறம் என்ன கஷ்டம்? தாலி ஏறின கையோட பாஸ்போர்ட்டும் வந்திருக்குமே!”

மதுரையிலிருந்து ஒன்றுவிட்ட பெரியம்மா இப்படிச் சொன்னதிலிருந்து வாரம் முழுக்க எனக்குப் பொருமல். அக்கா மகளுக்குக் குடியுரிமை நேர்காணல் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லத்தான் போன் போட்டேன். வாழ்த்து வரும் என்று பார்த்தால் வந்தது இது.

பெரியம்மாவைப் போல நினைப்பவர்கள் நிறைய இருப்பதால் எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கிரீன் கார்டு வாங்கிய பிறகு குடியுரிமைக்கு மற்றவர்கள் 5 வருடம் காத்திருக்க வேண்டும். குடிமகனைக் கட்டியவளுக்கு 3 வருடம். சலுகை அவ்வளவுதான். அந்த 3 வருடமும் இருவரும் ஒன்றாகக் குடும்பம் நடத்தியிருக்க வேண்டும், அதில் பாதிக் காலமாவது அவள் அமெரிக்க மண்ணில் இருந்திருக்க வேண்டும். கல்யாணமாகி 2 வருடம் ஆவதற்குள் கிரீன் கார்டு கிடைத்தால், அதுவே 2 வருடக் கெடு வைத்த கார்டு. கெடு முடிவதற்குள் ‘எங்களுடையது நிஜக் கல்யாணம்தான்’ என்று மறுபடி நிரூபிக்க வேண்டும். போலிக் கல்யாணங்களைத் தடுக்க 1986-ல் கொண்டுவந்த ஏற்பாடு.

அக்கா மகள் நேர்காணலுக்கு எடுத்துப்போன ஃபைலைப் பார்த்தேன். வரிக் கணக்குகள், வாடகை ஒப்பந்தம், இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்கு, கார் இன்சூரன்ஸ். “சித்தி, மறுவீட்டுக்குப் போனப்போ எடுத்த போட்டோவையும் வைக்கட்டுமா?” என்றாள். வை, கேட்டால் காட்டு என்றேன். கேட்கவில்லை.

நேர்காணலில் புதிய தேர்வு வேறு. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்கள் அமெரிக்க வரலாறு, அரசாங்கம் பற்றி 128 கேள்விகளைப் படித்துக்கொண்டு போக வேண்டும். 20 வரை கேட்பார்கள், 12 சரியாக வந்தால் தேர்ச்சி. முன்பு 100 படித்தால் போதும், 10-க்கு 6. இவள் சமையல்கட்டு அலமாரிக் கதவிலெல்லாம் கேள்விகளை ஒட்டிவைத்துப் படித்தாள். பன்னிரண்டாவது சரியானதுமே அதிகாரி போதும் என்று நிறுத்திவிட்டாராம்.

தேர்வு எளிதாகப் போயிற்று. இடறியது இனிஷியல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இந்த நாட்டு விண்ணப்பங்களுக்கோ அது இல்லாமல் மூச்சே விட முடியாது. அதனால் அவள் பெயரின் வாலில் எங்கள் அத்தான் தொங்குகிறார், மாப்பிள்ளை பெயரின் வாலில் அவனுடைய அப்பா. ஒரே வீட்டுக் கதவில் இரண்டு சம்பந்திகள்! “கணவன் பெயர் ஏன் உங்களுக்கு இல்லை?” என்று அதிகாரி கேட்டிருக்கிறார். விளக்கியிருக்கிறாள். குடியுரிமை வாங்கும்போது பெயரையும் மாற்றிக்கொள்ள வழி உண்டு, வேண்டுமா என்றாராம். வேண்டாம் என்றுவிட்டாள். சபாஷ் என்றேன்.

கட்டியவனின் பெயர் மட்டுமில்லை, நாடே மனைவியின் மேல் ஏறிய காலம் ஒன்று இங்கே இருந்தது. பெரியம்மா சொன்னது போலவே, அமெரிக்கனைக் கட்டிய அந்நியப் பெண் நேர்காணல், தேர்வு எதுவுமில்லாமல் குடிமகளாகலாம் என்று 1855-ல் சட்டம் வந்தது. குடியுரிமைக்குத் தகுதியான இனம் என்று அவர்கள் ஒப்புக்கொண்ட பெண்களுக்கு மட்டும். 1907-ல் அதன் மறுபக்கமும் வந்தது: அந்நியனைக் கட்டினால் அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமை போய்விடும். அந்நியப் பெண்ணைக் கட்டிய அமெரிக்க ஆணுக்கு ஒன்றும் ஆகாது.

எதெல் மெக்கென்சி கலிஃபோர்னியாவில் பிறந்தவர். 1909-ல் கார்டன் மெக்கென்சி என்ற பிரிட்டிஷ் பாடகரை மணந்து, சொந்த ஊரிலேயே வாழ்ந்தார். 1911-ல் அந்த மாநிலப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவில் வாக்காளராகப் பதியப் போனவரை, நீங்கள் அமெரிக்கரே இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். வழக்குப் போட்டார். விளைவு தெரிந்து நீயாக விரும்பித்தானே கட்டிக்கொண்டாய் என்ற தொனியில் 1915-ல் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது.

1922-ல் கேபிள் சட்டம் வந்து இதை மாற்றியது. ஆனால், குடியுரிமைக்குத் தகுதியில்லாத இனத்தானைக் கட்டினால் அப்போதும் போச்சு. அடுத்த வருடமே பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் இல்லை, குடியுரிமை கிடையாது என்று தீர்ப்பு. வங்காளத்து விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸ் 1914-லேயே அமெரிக்கக் குடிமகன் ஆனவர். அவரைக் கட்டிய மேரி அமெரிக்காவில் பிறந்தவர். அந்தத் தீர்ப்பால் தாஸும் தகுதியில்லாத இனத்தானாகிவிட, கல்யாணம் மேரியை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராக்கியது. ‘தி நேஷன்’ இதழில் 1926-ல் அதைக் கட்டுரையாகவே எழுதினார். கேபிள் சட்டத்தின் அந்தப் பிரிவை நீக்க 1931 ஆயிற்று. இந்தியர்கள் குடியுரிமை பெற 1946 வரை ஆயிற்று.

அந்தச் சட்டங்கள் செத்துவிட்டன. இருந்தாலும் கெடு வைத்த கிரீன் கார்டின் கெடுவை நீக்கும் விண்ணப்பத்தில் இன்றைக்கும் புருஷனும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். ‘நான் போடலைன்னா நீ ஊருக்குத்தான் போகணும்’ என்று மிரட்டும் ஆசாமிகளைக் கேள்விப்பட்டிருக்கிறேன். அது பாதி உண்மை. அடி உதை வாங்கியவளும், நிஜமாகக் கல்யாணம் செய்து விவாகரத்தானவளும், அந்தக் கையெழுத்து இல்லாமல் தனியாகவே விண்ணப்பிக்கலாம். சட்டம் இடம் தருகிறது. சிட்டிசன் மாப்பிள்ளை என்று பூரித்துப்போய்ப் பெண்ணை விமானம் ஏற்றுகிறவர்கள், ஏற்றும் முன் இதை அவள் காதில் போட்டு அனுப்புங்கள்.