ரிச்சி தெருவுக்கு எட்டாத உத்தரவு

வாக்கி-டாக்கி உள்ளிட்ட ரேடியோ கருவிகளை இணையத்தில் விற்பவர்களுக்கு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாத இறுதியில் வழிகாட்டு நெறிமுறைகளை விதித்தது. அதற்கு முன்பே 13 தளங்களுக்கு நோட்டீஸ் போயிற்று. கணக்கில் வந்த, விற்பனைக்கு இடப்பட்ட பதிவுகள் 16,970. காவல்துறை பேசும் அலைவரிசையில் கண்டவரும் நுழையக் கூடாது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், இணையத்துக்கு மட்டும் பூட்டுப் போட்டுவிட்டுக் கடைத்தெருவைத் திறந்து விட்டிருப்பதை எப்படி ஏற்பது?

பூந்தமல்லியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி கையில் இருக்கும் வாக்கி-டாக்கியை எடுத்துக்கொள்வோம். சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் ஜோடியாக வாங்கி வந்தது. பெட்டியில் 400 முதல் 470 மெகாஹெர்ட்ஸ் வரை என்று அச்சிட்டிருக்கிறது. உரிமம் இல்லாமல் பேச அனுமதி இருப்பதோ 446.0 முதல் 446.2 வரைதான். எழுபது மெகாஹெர்ட்ஸில் வெறும் 0.2 மெகாஹெர்ட்ஸ்! இதை அந்தக் காவலாளிக்கு யார் சொன்னார்கள்? குடியிருப்புச் சங்கச் செயலாளருக்குத்தான் தெரியுமா? உரிமம் இல்லாமல் இத்தகைய கருவியை வைத்திருப்பதே குற்றம் என்கிறது 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். விற்றவர் கல்லாவை மூடிவிட்டுப் போய்விடுவார், மாட்டிக்கொள்வது வாங்கியவர். கடைக்காரருக்கும் சட்டம் உண்டு என்பார்கள். உண்டுதான், அதைக் கேட்கப் போகும் ஆள்தான் இல்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் விஷயம் இன்னும் கனமானது. ஷெட்டில் கிரேன் ஓட்டுபவர் இடுப்பில் ரிமோட்டைக் கட்டிக்கொண்டு டன் கணக்கில் இரும்பைத் தூக்குகிறார். இப்படிக் கட்டுப்பாடின்றி விற்ற கருவி ஒன்றின் அலை குறுக்கே புகுந்து சிக்னல் அறுந்தால் கிரேன் சட்டென்று நிற்கும்; சரக்கு ஊசலாடும். கீழே நிற்பவர் உயிர் சம்பந்தப்பட்டது இது.

களத்தில் இருப்பவர்களை நினைக்காத இந்தப் புறக்கணிப்பு புதிதல்ல. அலைவரிசையைப் பங்கிடும் மேசையில் அமர்ந்தவர்கள் கிரேன் ரிமோட்டுக்கு 2005இல் 335 மெகாஹெர்ட்ஸில் இடம் ஒதுக்கினார்கள். வலு ஒரு மில்லிவாட். உலகின் பல நாடுகளில் கேட் ரிமோட்டும் கார் சாவியும் இயங்கும் 433 மெகாஹெர்ட்ஸை 2012இல் திறந்தபோது, கட்டடத்துக்குள் பயன்படுத்த மட்டும் என்று எழுதினார்கள். கேட்டும் காரும் நிற்பது வெளியே என்பதுகூட அவர்கள் நினைவுக்கு வரவில்லை. 2020 நவம்பர் முதல், சீனாவில் தயாரான வைஃபை கருவிகளின் ஒப்புதல் விண்ணப்பங்களை மாதக்கணக்கில் கிடப்பில் போட்டார்கள். காரணம் கேட்டவர்களுக்கு உருப்படியான பதில் கிடைக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் எழுதுவது தில்லியில், தவிப்பது இங்கே. துறைமுகத்தில் இறங்கும்போதே பார்க்க வேண்டியதைப் பார்க்காமல், விற்றுத் தீர்ந்த பிறகு பதிவை நீக்கு என்பது நிர்வாகமாகாது. கடைத்தெருவிலும் சோதனை வேண்டும், எந்தக் கருவி கூடும், எது கூடாது என்பதைத் தமிழில் சொல்ல வேண்டும். அதுவரை அந்தக் காவலாளி, தான் குற்றவாளி என்று தெரியாமலே பொத்தானை அழுத்திப் பேசிக்கொண்டிருப்பார்.