வீட்டுக் கண் வீட்டோடு இருக்கட்டும்

"ஒரு ஸ்விட்ச் வாங்க வேண்டும்" என்று நான் சொன்னதும், "எந்த அறைக்கு? எல்லா விளக்கும் நன்றாகத்தானே எரிகிறது?" என்று கேட்டாள் என் மனைவி. நான் சொன்னது விளக்கு ஸ்விட்ச் அல்ல; கேமராக்களை ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச். ஐரோலியில் எங்கள் ரோ ஹவுஸில் நான்கு கேமராக்களை, இன்டர்நெட் தொடர்பே இல்லாமல் நானே அமைத்தேன். அது ஏன், எப்படி என்பதைச் சங்கத்து அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் தெருவில் ஏ.சி.யின் செம்புக் குழாயை அறுத்துக்கொண்டு போன சம்பவத்திற்குப் பிறகு, நியூ ஜெர்சியில் இருக்கும் என் மகன் கவலைப்பட்டு, இன்டர்நெட் மூலம் செல்போனில் பார்க்கக்கூடிய கேமரா ஒன்றை வாங்கி அனுப்பினான். ஹாலில் மாட்டினோம். ஒரு நாள் மதியம் என் மனைவி முழங்கால் வலியால் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திடீரென்று சுவரிலிருந்து ஒரு குரல்: "அம்மா, ஏன் கீழே உட்கார்ந்திருக்கே? எழுந்திரு." மகன்தான். அங்கே நள்ளிரவு கடந்த நேரம். தூக்கம் வராமல் பார்த்திருக்கிறான். அன்பினால் சொன்னதுதான். ஆனால் அவள் நடுங்கிப்போனாள். மறுநாள் பார்க்கிறேன், கேமரா மேல் ஒரு ஈரிழைத் துண்டு தொங்குகிறது. "என் வீட்டில் நான் இஷ்டப்படி உட்காரக்கூடாதா?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். டிப்ளமோ படிப்புதான், மீதியை லைனில் கற்றேன். அங்கே முதல் பாடம், பாதுகாப்புக்கான கம்பியை ஊர்க் கம்பியோடு சேர்க்காதே என்பது. வீட்டுக் கேமராவுக்கும் அந்தப் பாடம் பொருந்தும் என்பதே என் கருத்து.

மகன் அனுப்பியது போன்ற கேமரா, தானாகவே வெளியூரில் உள்ள கம்பெனிக் கணினியோடு சதா பேசிக்கொண்டிருக்கும். அப்படிப் பேசும் வழியில் நம் பிள்ளை மட்டும்தான் வருவான் என்பது நிச்சயமில்லை. 2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் பல மணி நேரம் தடுமாறின. 'மிராய்' என்ற நச்சு நிரல், உலகெங்கும் இருந்த கேமராக்களையும் ரிகார்டர்களையும் கைப்பற்றி அத்தாக்குதலை நடத்தியது. அது பயன்படுத்திய சாவி, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகளில் அறுபது சொச்சம் கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான். 2021 மார்ச்சில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஒன்றரை லட்சம் கேமராக்களின் காட்சிகள் வெளியார் கையில் சிக்கின. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் வெளியே விற்கப்பட்ட செய்தியைப் படித்து நாம் தலைகுனிந்தோம்.

இதை அரசும் உணர்ந்து, 2025 ஏப்ரல் முதல் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியது. நல்ல காரியம். ஆனால் பூட்டு எவ்வளவு நல்லதாயினும், தேவையில்லாத வாசலைச் சுவராகவே விட்டுவிடுவது மேல் அல்லவா?

லேமிங்டன் ரோட்டுக்குப் போய் எட்டு கேமராத் துளையும், தனியே இரண்டு இணைப்புத் துளையும் உள்ள 'பி.ஓ.இ.' ஸ்விட்ச் ஒன்று வாங்கினேன். இதன் சிறப்பு, படம் வரும் அதே கேபிளில் கேமராவுக்கு மின்சாரமும் போகும் என்பது. பழைய டெலிபோனை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தெருவில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்யும். எக்ஸ்சேஞ்சிலிருந்த 48 வோல்ட் பாட்டரி அதற்கு உயிர் கொடுத்தது. இங்கும் ஏறத்தாழ அதே 48 வோல்ட்தான். ஆகவே ஸ்விட்சையும் ரிகார்டரையும் ஒரு சிறு யு.பி.எஸ்.ஸில் போட்டால், மின்வெட்டிலும் நான்கு கேமராவும் விழித்திருக்கும். கேபிள் ஒன்றின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. முழுச் செம்புக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்திற்குச் செம்பு முலாம் பூசியது மலிவு, ஆனால் மின்சாரத்தை வழியிலேயே தின்றுவிடும்.

ஸ்விட்சின் வேலை, யார்டில் கேபின்காரர் செய்யும் வேலைதான். எந்தத் துளையில் எந்தக் கருவி என்று கற்றுக்கொண்டு, வருவதை உரிய லைனுக்கு மட்டும் அனுப்பும். அதற்கு இன்டர்நெட் தேவையே இல்லை.

எனக்கு முதலில் இடறியது முகவரி. ஒரே கம்பெனிக் கேமராக்கள் ஒரே எண்ணோடு வருவதுண்டு. நான்கையும் ஒருசேரச் செருகினேன். ஒரே பிளாக்கில் இரண்டு ரயிலை விட்ட கதையாயிற்று. வழக்கமாக ஆளுக்கொரு எண் கொடுக்கும் ரூட்டர் இங்கே இல்லை. பிறகு பழைய லேப்டாப்பை ஸ்விட்சில் இணைத்து, ஒவ்வொரு கேமராவாகச் செருகி, 192.168.10.11 முதல் 14 வரை நானே எண் கொடுத்தேன். ரிகார்டருக்கு 192.168.10.10. பாஸ்வேர்டுகளையும் மாற்றி, ஒரு நோட்டில் எழ்தி பீரோவில் வைத்தேன்.

இரண்டாவது, கடிகாரம். இன்டர்நெட் இல்லாத ரிகார்டருக்குச் சரியான நேரம் சொல்ல ஆள் இல்லை. மெல்ல மெல்லப் பிசகும். நேரம் தவறிய பதிவு போலீஸாரிடம் விவாதத்தைத்தான் கிளப்பும். மாதம் முதல் தேதி அன்று நான் ரிகார்டரின் நேரத்தைச் சரி செய்கிறேன். கேமராக்கள் அதனிடமிருந்து நேரம் எடுத்துக்கொள்கின்றன.

மூன்றாவது, இடம். கேமராவுக்கு விநாடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால், நான்கும் சேர்ந்து நாளொன்றுக்கு 86 ஜிகாபைட். 2 டெராபைட் டிஸ்க் சுமார் 23 நாள் தாங்கும். திருடன் ரிகார்டரையே தூக்கிப்போனால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதனால்தான் அது பூட்டிய அலமாரிக்குள் இருக்கிறது. காற்றுக்கு மட்டும் துளை போட்டிருக்கிறேன். இன்னொன்று, நம் ஊர் மழை. கேபிள் கேமராவில் நுழையுமுன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

துளை போட வந்த பையன், "காகா, நெட் கொடுக்காவிட்டால் மொபைலில் தெரியாதே, பிறகு எதற்கு இது?" என்று இந்தியில் கேட்டான். டி.வி.யில் தெரியும், அது போதும் என்றேன். கண்ட வயரை யாரும் செருகிவிடாதபடி, அந்த இரண்டு இணைப்புத் துளைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். கேமராக்கள் வாசல், பின்கட்டு, மாடிப்படி, வண்டி நிறுத்துமிடம் ஆகிய நான்கைத்தான் பார்க்கின்றன. எதிர்வீட்டுக் கதவு தெரியாதபடி திருப்பியாயிற்று. ஹாலில் ஒன்றும் இல்லை.

இதில் இழப்பு இல்லாமல் இல்லை. மகனுக்கு வருத்தம். "ராத்திரியில் உங்களுக்கு ஏதாவது ஆனால் எனக்கு எப்படித் தெரியும் அப்பா?" என்றான். அந்தக் கேள்வியை லேசாகத் தள்ள முடியாது. படுக்கையில் இருப்பவர்கள், மறதி நோயால் அவதிப்படுபவர்கள் உள்ள வீட்டில் கணக்கே வேறு. அங்கே தூரத்துக் கண் தேவையாக இருக்கலாம். ஆனால் நடமாடும் பெற்றோரை, அவர்களைக் கேட்காமல் பார்த்துக்கொண்டிருப்பது காவலாகுமே தவிர அக்கறையாகாது. மகனிடம் நான் சொன்னேன்: "கேமரா திருடனைப் பார்க்கட்டும். எங்களைப் பார்க்க வேண்டுமானால் நீ கூப்பிடு."

இப்போது தினம் இரவு எட்டு மணிக்குப் போன் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் எங்கள் சாவி ஒன்று இருக்கிறது. அவர் எண் மகனிடம் இருக்கிறது. அன்பர்களே, உங்கள் வீட்டிலும் கேமரா வைக்குமுன், யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு முறை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். முக்கியமாக, பகல் முழுவதும் அந்த வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள். எங்கள் வீட்டில் ஈரிழைத் துண்டு மறுபடி கொடிக்கே போய்விட்டது.