பழைய மேள செட்டுகள் மறுபடி கூடட்டும்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஓர் அம்மன் கோயில் கொடை விழா என்றால் ஊர்க்கூட்டம் முதலில் பேசி முடிப்பது மேளத்தைத்தான். பந்தல், விளக்கு, சமையல் எல்லாம் அதற்குப் பின்னால். குடியழைப்பு, மதியக்கொடை, சாமக்கொடை என்று விடியும்வரை கொடையை நடத்திச் செல்வது அந்த மேளம். நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, உறுமி, தமுக்கு, கிடுகிட்டி, தாளம் என்று ஊருக்கு ஊர் சிறிது மாறி அமையும் நையாண்டி மேள செட்டுகளில் பல்லாண்டுகள் சேர்ந்து வாசித்த மூத்த கலைஞர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டி, ஆளுக்கொரு திசையில் ஒதுங்கிக் கிடக்கிறார்கள். அவர்களைப் பழைய செட்டாகவே மறுபடி கூட்ட வேண்டும். கரகத்துக்கும் காவடிக்கும் பின்பாட்டாக நிற்காமல், வாத்திய இசையை மட்டுமே நம்பி ஒரு மாலை முழுக்க அவர்கள் வாசிக்க வேண்டும். அதற்கு உரிய சம்பளமும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். இப்படிக் கேட்பதற்கான காரணம் அந்த இசை உருவாகும் விதத்திலேயே இருக்கிறது.

நையாண்டி மேளத்துக்கு எழுதிவைத்த குறிப்பு கிடையாது. எதிரே நின்று கைகாட்டி நடத்துபவரும் கிடையாது. ஒரு நாயனக்காரர் மூச்சு வாங்கும் கணத்தில் அடுத்தவர் அதே சுரத்தில் பிடித்துக்கொள்வார்; இழை அறுந்ததே கேட்பவருக்குத் தெரியாது. முதல் தவில் ஒரு தீர்மானத்துக்குள் நுழையும்போதே அது எங்கே போய் விழும் என்று இரண்டாம் தவிலுக்குத் தெரிந்துவிடும். பம்பைக்காரர் விடும் இடைவெளியை உறுமி நிரப்பும். கரகம் எடுத்தவர் காலை மாற்றினால் மொத்தச் செட்டும் அந்தக் காலோடு மாறும். சாமியாடி அருள் வராமல் தடுமாறும்போது நடையை எந்த இடத்தில் இறுக்குவது, வந்த சாமியை எப்போது மலையேற விடுவது என்பதையெல்லாம் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே முடிவு செய்கிறார்கள். இந்த அறிவு தனியாக எந்த ஒருவருடைய கையிலும் இல்லை. தவிலில் எவ்வளவு பெரிய கெட்டிக்காரரையும் புதியவர்கள் நடுவே உட்கார வைத்தால் அவருடைய விரல் பேசும். செட்டின் பேச்சு வராது. ஆகவே ஒரு செட் கலைந்தால், அதிலிருந்த அத்தனை பேரும் உயிரோடு இருக்கும்போதே அந்த இசை இறந்துவிடுகிறது. இதைத்தான் நம்முடைய கலைக் கொள்கைகள் எதுவும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வட்டாரத்துக்கு அந்த இழப்பு இன்னும் பெரிது. சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் 1865இல் பிறந்து, 1891இல் இளம் வயதிலேயே மறைந்த அண்ணாமலை ரெட்டியார், கழுகுமலை முருகன் மேல் காவடிச்சிந்து பாடினார். அந்த நூல் அச்சில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் காவடி தூக்கியவரின் கால் தரையில் விழும் நடை அச்சில் ஏறக்கூடியது அன்று. காவடிக்கு முன்னால் நடந்தபடியே வாசித்த மேளக் கலைஞர்கள்தான் தலைமுறை தலைமுறையாக அதைக் கைமாற்றி வந்தார்கள். நாகசுரத்தைப் பொறுத்தவரையும் இது சாதாரணச் செவியுள்ள மண் அன்று. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடரும், 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ வழியே தமிழகம் முழுக்கத் தெரிந்தவருமான காருகுறிச்சி அருணாசலம் நெல்லைச் சீமையில் பிறந்து, பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்தவர். கோயில் மேடையில் அவர் வாசித்ததைக் கேட்டுப் பழகிய அதே காதுகள்தான் ஊர்க் கொடைகளில் நையாண்டி மேளத்தையும் எடைபோட்டன. நையாண்டி மேளக்காரர்கள் நல்ல ரசிகர்கள் முன்னால் வாசித்து வளர்ந்தவர்கள் என்பதை மறக்கக் கூடாது.

பாடகர் இல்லாத இசைக் குழு காலம் கடந்தும் எப்படி நிற்கிறது என்பதற்கு வெளியுலகில் நல்ல சான்று இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியக் கடற்கரையில் அலைச்சறுக்கு ஆடிய இளைஞர்களிடையே பிறந்தது ‘சர்ஃப் ராக்’. அதன் வாத்திய வடிவத்தில் பாட்டு வரி இல்லை. மின்கிதாரும் டிரம்ஸும்தான் அதில் முதன்மை. அதன் முன்னோடியான டிக் டேலின் தந்தை வழி லெபனானைச் சேர்ந்தது. 1962இல் அவர் வாசித்த ‘மிசிர்லூ’, கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளில் வழங்கிய பழைய மெட்டு. நவீனம் என்று உலகம் கொண்டாடிய ஓசைக்கு அடியில் இருந்தது நாட்டுப்புற இசைதான். அதே இசைக் குடும்பத்தைச் சேர்ந்த ‘வென்ச்சர்ஸ்’ குழு ஜப்பானில் பெரும் அலையைக் கிளப்பியது. அங்கே ஏராளமான இளைஞர்கள் மின்கிதாரைக் கையில் எடுத்தார்கள். அதன் நிறுவனர்களில் ஒருவரான டான் வில்சன் எண்பது வயதைக் கடந்தும் மேடை ஏறினார். டிரம்ஸ் வாசித்த மெல் டெய்லர் 1996இல் இறந்தபோது அவருடைய மகன் லியான் அந்த இடத்தில் உட்கார்ந்தார். நிறுவனர்கள் மறைந்த பின்னும் குழு வாசிக்கிறது. இங்கிலாந்தில் 1960இல் ‘அப்பாச்சி’ என்ற வாத்திய இசையால் முதலிடம் பிடித்த ‘ஷேடோஸ்’ குழுவினர் முதிய வயதில் 2004இலும், பிறகு 2009இல் பாடகர் கிளிஃப் ரிச்சர்டோடும் சேர்ந்து மறுபடி ஊர் ஊராக வாசித்தார்கள். இந்தக் குழுக்கள் தனிமனிதர்களின் புகழால் மட்டும் நிற்கவில்லை. சேர்ந்து வாசிக்கும் பழக்கத்தை அறுபடாமல் வைத்திருந்ததும், அறுந்தபோது காலம் கடத்தாமல் முடிச்சுப் போட்டதும்தான் அவற்றைக் காப்பாற்றின.

காலம் கடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நம் திரையிசையிலேயே உதாரணம் உண்டு. 1965இல் பிரிந்த இசையமைப்பாளர்கள் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் முப்பது ஆண்டுகள் கழித்து, 1995இல் ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காகச் சேர்ந்தார்கள். தமிழர்கள் மனம் குளிர்ந்த செய்தி அது. ஆனால் பழைய காலத்தின் வீச்சு அந்தப் பாடல்களுக்கு வாய்க்கவில்லை. மேதைமை வற்றிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. இருவர் சேர்ந்தார்கள், இருவரைச் சுற்றி இருந்த வாத்தியக்காரர்களும் ஒலிப்பதிவு முறையும் அதற்குள் மாறிப்போயிருந்தன. சேர்வது மட்டும் போதாது, உரிய நேரத்தில் முழுக் குழுவாகச் சேர வேண்டும் என்பதே அதில் எனக்குத் தெரிவது.

அரசு ஏற்கெனவே உதவுகிறதே என்று சிலர் கேட்கலாம். உதவுகிறது, மறுக்கவில்லை. தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வழியாக நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் தரப்படுகிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று 2007இல் நல வாரியம் அமைந்தது. மாவட்டக் கலை மன்றங்கள் மூத்தவர்களுக்குக் ‘கலை முதுமணி’ விருது வழங்குகின்றன. எல்லாமே வேண்டியவைதான், தொகையும் எண்ணிக்கையும் கூட வேண்டும். ஆனால் இவை ஒவ்வொன்றும் ஓர் ஆளுக்குப் போகிற உதவி. வாங்குபவர் வீட்டில் இருந்தபடியே வாங்குகிறார். அவரோடு முப்பது ஆண்டுகள் வாசித்த பம்பைக்காரர் பக்கத்து ஊரில் இன்னொரு விண்ணப்பத்தோடு காத்திருக்கிறார். இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்கார வைத்து, வாசியுங்கள் என்று சொல்லும் திட்டம் ஒன்றுகூட இல்லை. ஒலிப்பதிவு செய்து ஆவணமாக வைத்தால் போதாதா என்பதும் இதே வகைக் கேள்விதான். பதிவு கட்டாயம் வேண்டும். ஆனால் கூடி வாசிக்காதவர்களை எப்படிப் பதிவு செய்வது? முதலில் செட் கூட வேண்டும், அப்புறம்தான் ஒலிவாங்கி.

வயதைக் காட்டி எழும் ஆட்சேபத்தில் நியாயம் அதிகம். கிதார் வேறு, நாகசுரம் வேறு. பல் விழுந்தால் சீவாளி வாயில் நிற்காது. மூச்சு தளர்ந்தால் மேல் சுரம் எட்டாது. விரல் வீங்கினால் தவில்காரரால் கூடு போட முடியாது. இரவு முழுக்க நின்று வாசித்த பழைய கொடை வாசிப்பை எழுபது வயதுக்காரர்களிடம் கேட்பது கொடுமை. அதை யாரும் கேட்க வேண்டாம். மாலையில் தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற, உட்கார்ந்து வாசிக்கிற மேடையே போதும். உஸ்தாத் பிஸ்மில்லா கான் எண்பது வயதைத் தாண்டியும் ஷெனாய் வாசித்தார். கேட்டவர்கள் அவருடைய இளமைக்கால வேகத்தைத் தேடி வரவில்லை. மூச்சு குறைந்த இடங்களைத் தாங்க ஒரு பிள்ளையையோ சீடரையோ மூன்றாவது நாயனமாகச் சேர்த்துக்கொள்ளலாம். சொல்லப்போனால் அப்படிச் சேர்ப்பதில்தான் எதிர்காலம் இருக்கிறது. திருநெல்வேலி அரசு இசைப்பள்ளியில் நாகசுரமும் தவிலும் கற்கும் மாணவர்களுக்கு, மூத்த செட் ஒன்றின் நடுவே உட்கார்ந்து பெறும் ஒரு மாலைப் பயிற்சி வகுப்பறையில் கிடைக்காது. இளைஞர்களின் வாய்ப்பை முதியவர்கள் பறிக்கிறார்கள் என்ற பேச்சுக்கும் இதுவே பதில்.

கூட்டம் வருமா என்ற சந்தேகம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. கேரளத்துச் செண்டை மேளம் இன்று தென்மாவட்டத் திருவிழாக்களில் கூட்டத்தைக் கட்டிப்போடுகிறதே. அதில் பாட்டுமில்லை, ஆட்டமுமில்லை. வெறும் வாத்தியத்துக்கு நம் மக்கள் நின்று கேட்கிறார்கள் என்பதற்கு வேறு ருசு வேண்டியதில்லை. செண்டைக்கு ஊர்க்குழு செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை நம் மேளத்துக்கும் ஒதுக்கினால் போதும். ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்காக எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த இரட்டை நாகசுரத்தை அரை நூற்றாண்டு கடந்தும் கேட்கிறவர்கள்தானே நாம்? கரகாட்டத்தில் ஆபாசம் புகுந்தது என்ற புகாரால் பல ஊர்களில் ஆட்டத்தை நிறுத்தியபோது மேளமும் சேர்ந்து நின்றுபோனது. தனி வாத்திய மாலை நடந்தால், தன்மேல் இல்லாத குற்றத்துக்கு மேளம் தண்டனை அனுபவிக்க வேண்டியிராது.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். இந்த வாத்தியங்களை வாசித்த குடும்பங்கள் பலவும் சாதியின் பெயரால் தாழ்த்தி வைக்கப்பட்டவை. பல ஊர்களில் வாசிப்பு என்பது ஊர் சுமத்திய கடமையாக இருந்தது. வாசித்த கைக்குக் கொடுத்த கூலி சொற்பம். சாப்பாடு தனி இடத்தில். அந்த நிலையை வெறுத்துப் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள், படித்து வேலைக்குப் போனார்கள். அவர்கள் செய்தது முழுக்கச் சரி. கலை அழிகிறது என்று அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. பழைய செட்டைக் கூட்டுவது பழைய உறவை மீட்பதாக ஆகிவிடாதா என்று அவர்கள் கேட்டால், அந்த ஆபத்து உண்டு என்றே ஒப்புக்கொள்வேன். அதனால்தான் கடமை, நேர்த்தி, ஊர்வழக்கம் என்ற சொற்களை விட்டுவிட்டு, எழுதிய ஒப்பந்தமும் பேசிய சம்பளமும் கையில் முன்பணமும் வேண்டும் என்கிறேன். வாசிக்க விருப்பமுள்ளவர் வரட்டும். இல்லாதவர் வர வேண்டாம். மேடையில் ஏறி உட்கார்ந்து வாசிப்பவருக்கு, எல்லோரும் சாப்பிடும் பந்தியில்தான் இலை போட வேண்டும். தெருமுனையில் நிறுத்தப்பட்டிருந்தவர்கள் முன்வரிசையைப் பார்த்து வாசிக்கும் ஒரு மாலை, வெளியேறிய பிள்ளைகளுக்கும் தங்கள் தகப்பன் செய்த வேலையைத் தலைநிமிர்ந்து பார்க்க ஒரு வாய்ப்பு.

சம்பளத்தில் நான் அழுத்தம் கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1994இல் ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தின் தொடக்கத்தில் ‘மிசிர்லூ’ ஒலித்ததும் டிக் டேலின் பெயர் மறுபடி உலகெங்கும் பரவியது. ஆனாலும் 2019இல் தம் 81ஆம் வயதில் இறக்கும்வரை அவர் ஊர் ஊராக வாசித்துக்கொண்டே இருந்தார். மருத்துவச் செலவுக்காகவே ஓய்வு எடுக்க முடியவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். வறுமை தள்ளி மேடைக்கு வரும் முதியவரைப் பார்த்துக் கைதட்டுவது கலைத்தொண்டு ஆகாது. மாதாந்திர உதவி தொடர வேண்டும். கச்சேரிச் சம்பளம் அதற்கு மேல் வர வேண்டும். ஒரு கச்சேரி வாசித்தார் என்று காரணம் காட்டி உதவித்தொகையை நிறுத்தும் பேச்சுக்கு இடமே கூடாது.

சங்கரநாராயணர் கோயிலில் ஆடித் தபசு பன்னிரண்டு நாள் நடக்கிறது. கோமதி அம்மனைக் காணத் தென்மாவட்டங்களின் மக்கள் ஊரில் நிறைந்திருக்கும் அந்த நாட்களில் ஒரு மாலையை மூத்த நையாண்டி மேள செட்டுகளுக்கு ஒதுக்க இந்து சமய அறநிலையத் துறையும் கோயில் நிர்வாகமும் முன்வர வேண்டும். எந்த ஊரில் எந்தச் செட் இருந்தது, இன்று யார் யார் இருக்கிறார்கள் என்று கலை பண்பாட்டுத் துறையின் திருநெல்வேலி மண்டல அலுவலகம் கிராமம் கிராமமாகக் கேட்டு எழுதலாம். கொடை நடத்தும் ஊர்க்குழுக்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நோட்டீசில் நன்கொடையாளர் ஒவ்வொருவரின் பெயரும் இருக்கிறது. மேளத்துக்கு மட்டும் ஒருவர் பெயரும் ‘குழுவினர்’ என்ற சொல்லும் இருக்கின்றன. இந்த ஆண்டு பழைய செட்டை அழையுங்கள், தாளம் போடுபவர்வரை எல்லோர் பெயரையும் அச்சிடுங்கள், முன்பணத்தைத் தேதி குறிக்கும் அன்றே கொடுத்துவிடுங்கள்.