காயில் எரிஞ்சா மோட்டாரையா திட்டுவீங்க?

போன வாரம் சென்னையிலிருந்து வந்த நண்பர், எங்கள் பங்காளி வீட்டுப் பையன் கதையைக் கேட்டுவிட்டு, "எல்லாம் கொழுப்புங்க. டிகிரி படிச்சவனுக்குப் புத்தி எங்க போச்சு?" என்றார்.

புத்தி எங்கே போச்சு என்று சொல்கிறேன்.

அவன் குடிக்க மாட்டான், பீடி தொட மாட்டான். எங்களுக்கு த்ரீ பேஸ் கரண்ட் பாதி நாள் ராத்திரியில்தான் வரும். மோட்டார் ரூமில் காத்துக் கிடக்கிற நேரத்தில் செல்போனில் ரம்மி. முதலில் ஐம்பது, நூறு. அப்புறம் பால் பணம். கடைசியில் கறவை மாடு ரெண்டும் போச்சு. "ஒரே சீட்டுல போச்சுண்ணா, இன்னொரு ஆட்டம்னா எடுத்திருப்பேன்" என்றான். எனக்கும் அறையத்தான் தோன்றியது.

ஆனால் அந்த 'ஒரே சீட்டு' லேசுப்பட்டதல்ல. 2009-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ஆட்களை ஸ்கேனில் படுக்கவைத்து, சூதாட்ட மெஷின் மாதிரி ஓர் ஆட்டம் ஆடவிட்டார்கள். மயிரிழையில் தோற்றபோதும், ஜெயிக்கும்போது வேலை செய்கிற அதே மூளைப் பகுதிகள் கிளம்பின. கையில் நஷ்டம், மூளையின் நோட்டில் வரவு! பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மாத்திரைகள் சீட்டையே தொடாதவர்களைக்கூடச் சூதாட வைத்திருக்கின்றன. மருந்தைக் குறைத்ததும் பலருக்கு அந்த வெறி அடங்கியும் இருக்கிறது. இதில் கொழுப்பு எங்கிருந்து வந்தது?

சூதுக்கு அடிமையானவர்களின் மூளை அமைப்பே மாறியிருக்கிறதா? சில ஆய்வுகளில் ஹிப்போகேம்பஸ், அமிக்டலா என்ற பகுதிகள் கொஞ்சம் சிறுத்திருந்தன. சிலவற்றில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆடி ஆடி அப்படி ஆனதா, முன்பே அப்படியா என்று ஒரு படத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது.

இங்கேதான் உஷாரா இருக்கணும். "சிலருக்கு மூளையே அப்படி, மத்தவங்க பொறுப்பா ஆடுறாங்களே" என்று ஆப் பக்கம் பேசுகிறவர்கள் இதையே பிடித்துக்கொள்வார்கள். எரிந்த காயிலை மட்டும் பார்த்து, கம்பி மட்டமா வோல்டேஜ் மோசமா என்று எந்த மெக்கானிக்கும் அடித்துச் சொல்ல மாட்டார். ஆனால் ஒரே டிரான்ஸ்பார்மரில் ஏழு மோட்டார் எரிந்தால், ஏழு பேருமே மட்டமான மோட்டார் வாங்கிட்டான் என்றா சொல்வீர்கள்?

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி திறமை ஆட்டம் என்று சொல்லி, அதற்கு நம் மாநிலம் போட்ட தடையை நீக்கியது. நடுச்சாமத்தில், கண் எரிய, கந்துவட்டிப் பணத்தில் ஆடுகிறவனிடம் என்ன திறமை மிச்சம் இருக்கும்? 2025 ஆகஸ்டில்தான் மத்திய அரசு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் போட்டது. அதற்குள் மாடு சந்தைக்குப் போய்விட்டது.

இப்போது மாதம் ஒருமுறை மனநல டாக்டரிடம் போகிறான். குடியை விட வந்தவர்களோடு அதே பெஞ்சில்தான் உட்கார்கிறான். ராத்திரி கரண்ட் வருகிற நாட்களில் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "துணைக்கு வாண்ணா" என்று என்னைக் கூப்பிடுகிறான். நானும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போகிறேன்.