தெற்கேருந்து யானையோட வர்றவங்க

பொங்கலன்னிக்கு எங்க குடியிருப்புத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டோம். குர்கான் குளிர்ல வெண்பொங்கல் இலைக்கு வர்றதுக்குள்ள ஆறிடும், அது வேற கதை. பேச்சு பிள்ளைங்க படிப்புல ஆரம்பிச்சு கதைப் புத்தகத்துக்குத் தாவிச்சு. நான் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம, "என் பொண்ணுக்குப் பதினொரு வயசு, ஹாரி பாட்டர் ஏழும் முடிச்சுட்டா, அடுத்து என்ன குடுக்கலாம்?"னு கேட்டுத் தொலைச்சேன்.

ஆளாளுக்கு ஒரு பட்டியல். நார்னியா. லார்ட் ஆஃப் த ரிங்ஸ். ஒரு நண்பர் கூச்சமே இல்லாம "கேம் ஆஃப் த்ரோன்ஸ்"னார். படிச்சிருக்கீங்களான்னு கேட்டா, "இல்லைங்க, சீரியல் பார்த்தேன்"கிறார். அட ஆண்டவா! பதினொரு வயசுக் குழந்தைக்கு அதையா? போதாக்குறைக்கு, 1996ல ஆரம்பிச்சு அஞ்சாவது புத்தகம் 2011ல வந்த தொடர் அது. ஆறாவதுக்கு இன்னும் காத்துக்கிட்டிருக்காங்க.

ஆனா என் கோபம் அதுல இல்லை.

என் பொண்ணு நோட்டுல ஒரு மாயாஜாலக் கதை எழுதிக்கிட்டிருக்கா. படமும் அவளே போடறா. கதாநாயகிக்குத் தங்க நிறத் தலைமுடி, பால் மாதிரி தோல். "உன்னை மாதிரி ஒருத்தியை வரையலாமேம்மா"ன்னேன். "என்னை மாதிரி இருந்தா மந்திரக்காரின்னு யாருப்பா நம்புவாங்க?"ன்னா. வகுப்புல அவளை 'காலி'ன்னு கூப்பிடறாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வீட்டுல பாட்டி 'கறுப்பி'ன்னு கொஞ்சறது வேற, இது வேற.

இப்போ அந்தப் பட்டியலைத் திரும்பப் பாருங்க. நார்னியாவுல தலைப்பாகை கட்டின கறுத்த மக்கள் வர்றாங்க, கலோர்மென்னு பேரு. ஒண்ணு ரெண்டு நல்லவங்களைத் தவிர மொத்தமா எதிரிப்பக்கம். டோல்கீனோட கதையில தெற்கேருந்து கறுத்த ஆளுங்க ராட்சச யானைகளோட சண்டைக்கு வருவாங்க, கெட்டவனுக்கு அடியாளா. தெற்கு, கறுப்பு, யானை... நம்மாளுங்கதான்! செத்துக் கிடக்கற அந்தத் தெற்கத்தியானைப் பார்த்து சாம் ஒரு நிமிஷம் பரிதாபப்படுவான், அதை நான் மறக்கலை. லார்ட் ஆஃப் த ரிங்ஸை நானே மூணு தடவை படிச்சவன். படிக்கக் கூடாதுன்னு சொல்லலை. ஹாரி பாட்டர் முடிச்ச கையோட அடுத்ததா அதைத்தான் நீட்டணுமான்னுதான் கேக்கறேன்.

அர்சுலா லெ குவினோட எர்த்ஸீ தொடரை அங்க ஒருத்தர்கூடச் சொல்லலை. முதல் புத்தகம் 'எ விசர்ட் ஆஃப் எர்த்ஸீ' 1968ல வந்தது. மந்திரம் கத்துக்கற பள்ளிக்கூடம், திமிர் பிடிச்ச சக மாணவன் எல்லாம் ஹாரி பாட்டருக்கு 29 வருஷம் முன்னாடியே அதுல உண்டு. கதாநாயகன் கெட், செம்பழுப்பு நிறம். அவனோட உயிர் நண்பன் வெட்ச், நல்ல கறுப்பு. முதல் அத்தியாயத்துல கப்பல்ல வந்து ஊரைக் கொளுத்தறவங்கதான் வெள்ளைத்தோல்காரங்க! இதையெல்லாம் ஒரு பிரசங்கமா சொல்லாம, போற போக்குல சொல்லிட்டுப் போவார். பல பதிப்புகளோட அட்டையில கெட்டை வெள்ளைக்காரனாவே வரைஞ்சாங்க. 2004ல டிவி தொடரா எடுத்தப்போ வெள்ளைக்கார நடிகரைப் போட்டாங்க. லெ குவின் அதைக் கண்டிச்சு வெளிப்படையாவே எழுதினார்.

"குழந்தைங்க நிறமெல்லாம் பார்க்காதுங்க, நீங்கதான் கிளப்பி விடறீங்க"ன்னார் ஒரு சார். குழந்தைங்க பார்க்காமலா சார் என் பொண்ணுக்குப் பேர் வெச்சாங்க?

குறை இல்லாத தொடர் இல்லை இது. முதல் ஐம்பது பக்கம் பாட்டி கதை சொல்ற மாதிரி நிதானமாப் போகும். ஹாரி பாட்டர் வேகத்துக்குப் பழகின பிள்ளை நெளியும், கூட உட்கார்ந்து படிங்க. பெண்களுக்கு அந்தப் பள்ளிக்கூடத்துல இடமே கிடையாது. லெ குவினுக்கே அது உறுத்தி, 1990ல 'தெஹானு'ன்னு நாலாவது புத்தகம் எழுதினார். அதுல ஒரு குழந்தைக்கு நடந்த கொடுமை வருது, பதினஞ்சு வயசுக்கு மேல குடுங்க. முதல் மூணும் ஒவ்வொண்ணும் சுமார் 200 பக்கம்தான். ரெண்டாவது புத்தகத்துல கதையே ஒரு பொண்ணோடது, இருட்டுச் சுரங்கத்துக்குள்ள நடக்குது. என் மகளுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சது.

நோட்டுல இப்போ ரெண்டாவது கதை ஓடுது. கதாநாயகிக்கு இன்னும் நிறம் அடிக்கலை, கேட்டா "யோசிச்சுக்கிட்டிருக்கேன், தொந்தரவு பண்ணாதே"ங்கறா. முதல் புத்தகத்தை நாலாவது மாடி நண்பர் வாங்கிட்டுப் போயிருக்கார், ஆமா, அந்த கேம் ஆஃப் த்ரோன்ஸ்காரர்தான். திருப்பிக் குடுத்ததும் யாருக்கு வேணுமோ வந்து வாங்கிக்கோங்க.